புழு போன வழி

செய்து முடித்த மேஜை ஆசாரியின் பட்டறையிலேயே கிடக்க, ஓட்டல் முதலாளி தணிகாசலம் நாலாவது தடவையாக வந்து நின்றார். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே விரல் காய்த்துப்போன வேலைக்காரி செல்லக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய படகுப் பலகையில், கடல்புழு அரித்த ஓட்டைகளோடு மேஜை வேண்டுமென்று கேட்டதே இந்த மனுஷன்தான்.

இன்றைக்கு ஒரு ஸ்டூலை வேறு அணைத்துக்கொண்டு வந்து ஆசாரியிடம் பொரிந்தார்.

"இது அசல் கப்பல் மரம்யா, ஏலத்துல எடுத்தது. ஓட்டை எவ்வளவு லட்சணமா இருக்கு! உன் மேஜையில நீயே டிரில் போட்டிருக்க. புழு அரிச்சதுன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா மேஜையை நீயே வச்சுக்க."

ஆசாரி வாய் திறக்குமுன் செல்லக்கிளி ஒரு சைக்கிள் கம்பியை நீட்டினாள்.

"டிரில் நேரா போகும் சார். புழு வளைஞ்சு வளைஞ்சு போகும். நீங்களே குத்திப் பாருங்க."

தணிகாசலம் மேஜையில் பத்து ஓட்டையில் குத்தினார். பத்திலும் கம்பி கொஞ்சம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இப்படிக் குடுங்க" என்று கம்பியை வாங்கியவள், அவர் அணைத்திருந்த ஸ்டூலின் ஓட்டையில் விட்டாள். அது சர்ரென்று போய் மறுபக்கம் அவர் தொந்தியைக் குத்தியது.

"இந்தப் புழு கரண்ட்டுல ஓடியிருக்கு சார்."