செயலிக்கு இரண்டு பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் சர்வருக்கும் செயலிக்கும் வாய் இருந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், நான் சொல்லத்தான் போகிறேன்.

கடலோர ஊர் ஒன்றில் ஜெனிஷா என்றொரு பெண். புயல் வருவது தெரியாமல் கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பவே இல்லை. அதனால் காற்று மாறினால் போனில் கத்திச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்தாள். 'அலைச்சேதி' என்று பெயர் வைத்தாள். அடுத்த புயலுக்குள் ஊர்க்காரர் போன்களில் ஏற்றிச் சோதித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

சோதனைக்கு அனுப்பும் வாசலில் ஒரு சர்வர் காவல் இருந்தது. அலைச்சேதியை ஏற இறங்கப் பார்த்தது.

"பெயர் எங்கே? வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் வா."

"இதுதான் என் பெயர்" என்றது செயலி.

"அப்படியானால் திரும்பிப் போ."

ஜெனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றினாள். வாசல் திறந்தது. செயலி அவள் சித்தப்பா சூசைமரியானின் போனில் போய் உட்கார்ந்தது. மறுநாள் கேட்டால், மனிதர் அதை அழித்தே விட்டார்!

"இங்கிலீஷ்ல என்னமோ கெடந்துது மக்ளே. கடன் குடுக்க பயலுவ அனுப்புனதாக்கும்னு தூக்கிப் போட்டேன்."

"போங்க சித்தப்பா! அப்பா மாதிரி நீங்களும் போயிரக் கூடாதுன்னுதானே செஞ்சேன்" என்று கரையிலேயே அழுதுவிட்டாள்.

அப்போது மீன்துறை அதிகாரி ஒருவர் வந்து சித்தப்பாவின் வள்ளத்தைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு நடையைக் கட்டினார். முகப்பில் பெரிதாக எழுதியிருந்த 'சகாயமாதா' என்ற வள்ளத்தின் பெயரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஆங்கிலப் பெயரைச் செயலியின் வயிற்றுக்குள் வைத்தாள். நெற்றியில் 'அலைச்சேதி' என்று தமிழிலேயே எழுதினாள். சர்வர் உள்ளே பார்த்தது, தலையாட்டியது.

"நெற்றியில் ஏதோ இருக்கிறதே?"

"அது உனக்கில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்து, சித்தப்பாவின் போனில் மறுபடியும் போய் உட்கார்ந்தது அலைச்சேதி.

அந்த வாரமே காற்று மாறியது. வள்ளத்தைத் தள்ளப்போன சூசைமரியானின் மடியில் போன் அலறியது. எடுத்தார், பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார், வள்ளத்தை மறுபடியும் கரையில் ஏற்றிக் கட்டினார்.

அன்று முதல்தான் செயலிகள் உள்ளே வாசலுக்கென்று ஒரு பெயரும், நெற்றியில் தம் ஆட்களுக்கென்று ஒரு பெயருமாகப் பிறக்கின்றன. சூசைமரியானும் அன்று கடலுக்குப் போகாததால்தான், இன்றும் கரையில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்.