கம்பைக் காத்த பெட்டைக்குட்டி

மனிதர்கள் ஆடுகளை நம்பியும், ஆடுகள் நாய்களை நம்பியும், நாய்கள் மனிதர்களை நம்பியும் வாழ்ந்த பழைய காலத்துக் கதை இது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆட்டுக்காரர்களின் ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. தெருத்தெருவாகத் தேடினாலும் அங்கே ஒரு பெட்டை நாய் கிடைக்காது. அத்தனையும் ஆண் நாய்கள்! ஆணுக்குத்தான் குரல் பெரிது, ஆணுக்குத்தான் உடம்பு பெரிது, ஆண் நாய் குட்டி போட்டுத் தொல்லை தராது என்று மூன்று காரணம் சொல்வார்கள்.

சரி, குட்டி வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? சித்திரை மாதம் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போவார்கள். அங்கே ஆண்குட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் குட்டிகளை யார் பெற்றுப் போட்டார்கள் என்று மட்டும் ஒருவரும் யோசித்ததில்லை.

அந்த ஊருக்கு மார்கழி என்றால் குலை நடுங்கும். மார்கழி பிறந்தால் மலையிலிருந்து ஓநாய்கள் இறங்கும். அதே மார்கழியில் ஊர் நாய்கள் எல்லாம் ஆற்றை நீந்திக் கடந்து அக்கரைக்குப் போய்விடும். தை பிறக்கும்போதுதான் திரும்பி வரும். விலா எலும்பு தெரியும், காது கிழிந்திருக்கும், நடை தள்ளாடும்.

"நாய்க மார்கழி நோன்புக்குப் போகுது" என்று சொல்லிவைத்தார் ஊர்த்தலைவர் வெள்ளைச்சாமி. ஊரும் அதை நம்பியது. "ஐயோ பாவம், என்ன கடுமையான விரதமோ!" என்று உருகி உருகிக் கஞ்சி ஊற்றியது. ஆடு போனதற்கெல்லாம் மாதத்தின் மேல் பழியைப் போட்டது. நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் சங்கையா என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். அவன் மனைவி பேச்சி. போன மார்கழியில் ஓநாய்கள் அவர்கள் ஆட்டுக்கிடையில் புகுந்து பாதி ஆட்டுக்கு மேல் அடித்துப் போட்டன. நோன்புக்குப் போன நாயும் திரும்பவில்லை. மிஞ்சியது கொஞ்சம் ஆடுகள்தான். அவையும் போனால் சங்கையாவின் கதை முடிந்தது. கிடை அழிந்தவன் தன் ஆடு மேய்க்கும் கம்பைத் தலைவர் கையில் ஒப்படைத்துவிட்டு, இன்னொருவன் கிடையில் கூலிக்கு நிற்க வேண்டும். அது அவ்வூர் வழக்கம். அவன் அப்பனும் பாட்டனும் பிடித்த கம்பு அது. அதை நினைத்தாலே சங்கையாவுக்குச் சோறு இறங்காது.

சித்திரை வந்தது. சங்கையா குட்டி எடுக்கக் கிளம்பினான்.

"ஏங்க, ஆணோ பொண்ணோ, நம்ம ஆட்டைப் பாத்துக்கிற மாதிரி ஒண்ணு கொண்டாங்க" என்றாள் பேச்சி.

"பொண்ணா? ஊரு சிரிக்கவா?" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன்.

அக்கரையில் பானைச்சூளை வைத்திருந்தாள் செம்பாயி. சூளைச் சாம்பலின் கதகதப்பில் இரண்டே குட்டிகள் கிடந்தன.

"வாங்கய்யா, வாங்க. இந்த வருசமும் ஆணாப் பொறுக்கத்தான வந்தீங்க? இருக்கிறது ரெண்டுதான். அண்ணன் ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு" என்றாள்.

சங்கையா கம்பைத் தரையில் போட்டுவிட்டு அண்ணன்குட்டியை எடுத்தான். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினான், அது கத்தவில்லை. காதருகே கை தட்டினான், மிரளவில்லை. பால் சட்டியைப் பிடுங்கினான், உறுமியது. மூன்று சோதனையிலும் தேறிவிட்டது. "இதுதான் நம்ம குட்டி" என்று அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

வழியில் கிடந்த கம்பை எடுத்து ஓரமாகச் சாத்தலாம் என்று செம்பாயி குனிந்தாள். உர்ர்ர் என்று ஒரு சத்தம். பார்த்தால், கம்பின் மேல் குறுக்கே படுத்திருந்தது தங்கச்சிக்குட்டி. முழுசாக ஒரு சாண் உயரம் இருக்காது, அதற்குள் பல்லைக் காட்டியது.

"அடிப்பாவி! உனக்குச் சோறு போடுறவ நான்டி! என்கிட்டயே உறுமுறியா?" என்றாள் செம்பாயி. குட்டி அசையவில்லை. சங்கையா வந்து கை வைத்தபோது மட்டும் நகர்ந்து கொடுத்தது.

சங்கையாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. யாரும் அதைக் காவலுக்கு நிறுத்தவில்லை. யாரும் அதற்குப் பிடி சோறு போட்டு ஏவவில்லை. ஒருவன் கீழே வைத்துவிட்டுப் போன பொருள், அவன் வரும்வரை அவனுடையதுதான் என்று இந்தக் குட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அக்குளில் இருந்த அண்ணன்குட்டியோ சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தான். பயமாகத்தான் இருந்தது. போன மார்கழியை நினைத்தான், அது அதைவிடப் பயமாக இருந்தது. அண்ணனை மெல்லச் சாம்பலில் படுக்க வைத்துவிட்டு, "தங்கச்சியைக் கொடும்மா" என்றான்.

செம்பாயி குட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "உங்க ஊருல இருந்து இப்படி ஒரு ஆளா! நீங்க நல்லா இருக்கணும்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் கேலி செய்தார்கள். சங்கையா "பார்ப்போம்" என்றான். மேய்ச்சல் காட்டில் கேலி செய்தார்கள். "பார்ப்போம்" என்றான். கோயில் வாசலில் தலைவரே நிறுத்தி, "என்னலே, வீட்டுக்கு மருமக வந்திருக்காளாமே?" என்று கேட்டார். "பார்ப்போம் பெரியய்யா" என்றான். உள்ளுக்குள் அவனுக்கே நம்பிக்கை பாதிதான்.

குட்டிக்குச் சிவப்பி என்று பெயர் வைத்தாள் பேச்சி. சிவப்பி வளர வளர அந்தப் பாதி நம்பிக்கையும் முழுசாயிற்று. ஆட்டுக்குட்டிகளோடு ஒன்றாய்ச் சுருண்டு படுக்கும். ஈன்ற ஆடு எழமுடியாமல் கிடந்தால், பக்கத்தை விட்டு நகராது. மந்தை திரும்பும்போது கால் விந்தும் கிழட்டு ஆட்டின் பின்னால், அதன் நடைக்கே நடந்து வரும். பேச்சி அடுப்பை விட்டு இறக்கியதும் முதல் கவளம் அதற்குத்தான். "எனக்கு அப்புறமா?" என்று சங்கையா கேட்டால், "ஆமா, அப்புறந்தான்" என்பாள்.

கார்த்திகை முடியும் நேரம் வந்தது. வெள்ளைச்சாமி ஆளனுப்பாமல் தானே வந்தார்.

"ஏலே சங்கையா, பெட்டை நாய் ஊருக்குள்ள இருந்தா நம்ம நாய்களோட நோன்பு கெட்டுப் போகும். மார்கழி பிறக்கிறதுக்குள்ள அக்கரையில கொண்டு விட்டுரு. இல்லேன்னா மார்கழி முதல் நாள் விடியக்காலையில வருவேன். உன் கம்பை என் கையில குடுத்துரணும்."

நாய் வேண்டுமா, கம்பு வேண்டுமா? சங்கையா இடிந்து போனான். கம்பு போனால் பேச்சிக்கும் கஞ்சி இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சிவப்பியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, "போ தாயி, அக்கரைக்குப் போ" என்று கையைக் காட்டினான்.

சிவப்பி அக்கரையைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. பிறகு திரும்பி, மந்தையின் மணிச்சத்தம் வந்த பக்கம் பார்த்தது. பொழுது சாய்கிறது, ஆடு அடைகிற நேரமாயிற்று, இந்த மனுசன் இங்கே நின்று தண்ணீரில் என்ன விளையாடுகிறான் என்று நினைத்ததோ என்னவோ, அவன் வேட்டி நுனியைப் பல்லால் கவ்விக் கரைக்கு இழுத்தது.

சங்கையா அப்படியே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதான். "என்னால முடியாது தாயி. கம்பு போனாப் போகட்டும்" என்றான். வீட்டுக்குத் திரும்பினான். நாயைப் பார்த்த பேச்சி, முதல் கவளத்தை எடுத்து அதற்கு வைத்தாள்.

மார்கழி முதல் நாள். விடியும் வேளை. பனி புகைபோல மூடிக் கிடந்தது. சங்கையா கிடைக்கு வந்தவன் திகைத்து நின்றான். ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் அவன் கிடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன! ஒன்றுகூட ஆற்றைக் கடக்கவில்லை. தலைவரின் நாய், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்தது. சிவப்பி எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதன் கண் ஆட்டுக்குட்டிகள் மேல் இருந்தது.

வெள்ளைச்சாமியும் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். "பாத்தியா! நோன்பைக் கெடுத்துட்டா! எடு கம்பை!" என்று கையை நீட்டினார். சங்கையா கம்பை நீட்டினான்.

அப்போது சிவப்பி குரைத்தது. மலைப்பக்கம் பார்த்து, மயிரெல்லாம் சிலிர்த்து, ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. பனிக்குள் ஓநாய்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த ஆண் நாய்கள் அத்தனையும், அது போன திசையில் சீறிக்கொண்டு எழுந்தன. அப்பப்பா, என்ன சத்தம்! ஓநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு மலையேறின. அந்த மார்கழி முழுக்கத் திரும்பி வரவில்லை. சங்கையா கிடையில் மட்டுமல்ல, ஊரில் எந்தக் கிடையிலும் ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

அந்த முதல் நாள் காலையில், கம்பு இன்னும் இரண்டு கைகளுக்கும் நடுவிலேயே நின்றது. வெள்ளைச்சாமி தம் நாயைப் பார்த்தார். "அப்போ... இத்தனை வருசமா இதுக நோன்புக்குப் போகலையா?"

"நோன்புதான் பெரியய்யா. கோயிலு அக்கரையில இருந்துச்சு, அக்கரைக்குப் போச்சுக. இந்த வருசம் இங்கயே இருக்கு" என்றாள் பேச்சி.

முதலில் சிரித்தவர் தலைவர்தான். கம்பைச் சங்கையாவின் கையிலேயே அழுத்திக் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாசி கடைசியில் சிவப்பி குட்டி போட்டது. குட்டிகள் ஓடியாடத் தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நின்றார் வெள்ளைச்சாமி.

"பெரியய்யாவுக்கு ஆண்குட்டி வேணுமா, பெட்டைக்குட்டி வேணுமா?" என்று கேட்டான் சங்கையா.

அவர் தம் கம்பை மெதுவாகத் தரையில் வைத்தார். நாலடி தள்ளிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, எந்தக் குட்டி வந்து அதன் மேல் படுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கேட்டவர்களே, துணை தேடும்போது ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம், நம்முடையதைத் தன்னுடையதாய்க் காக்கும் குணம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.