எறும்புகள் முகம் தொட்டுப் போவது ஏன்?

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய்விட்டுப் பேசும். வழியில் தெரிந்தவர் வந்தால் தூரத்திலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடும்.

ஓர் ஏரிக்கரையில் கட்டெறும்புப் புற்றுகள் இரண்டு இருந்தன. ஒன்று மேட்டில், மற்றது பள்ளத்தில். ஓர் ஐப்பசி மழையில் ஏரி உடைத்துக்கொண்டு பள்ளத்துப் புற்று முழுகிப்போனது. பிழைத்தவர்கள் மேட்டுக்கு ஏறி வந்து இடம் கேட்டார்கள். "எங்களுக்கே தானியம் போதாது" என்று மேட்டுக்காரர்கள் விரட்டினார்கள். அப்படித்தான் சண்டை மூண்டது.

இரண்டு கூட்டமும் ஒரே கருப்பு, ஒரே உருவம். நம்மவர் யார், பகைவர் யார் என்று பார்த்தால் தெரியாது. அதனால் மேட்டுப் புற்றின் தாய் எறும்பு ஓர் அடையாளச் சொல் வைத்தாள்: "படைத்தவன் பார்க்கிறான்." புற்றுக்கு வருகிறவர்கள் தள்ளி நின்றே அதைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை உயிரோடு விடக்கூடாது.

வாசல் காவல் மூக்காயிக்கு. தினமும் காவலுக்கு நிற்கும் முன் கிழக்கே பார்த்துக் கும்பிடுகிறவள் அவள். கடவுள் பேரையே சொல்லாக வைத்ததில் அவளுக்குப் பெரிய நிம்மதி. பகைவர் வாயில் அது வராது என்று நம்பினாள்.

ஒரு நாள் காலை. ஏரிமேல் கடும் மூடுபனி. பத்துப் பன்னிரண்டு பேர் வருவது நிழலாகத் தெரிந்தது.

"யாரது? நில்லுங்க! அடையாளச் சொல்லு என்ன?"

"படைத்தவன் பார்க்கிறான்" என்று அத்தனை பேரும் பிசகாமல் சொன்னார்கள். மூக்காயி வழி விட்டாள்.

சற்று நேரத்தில் இன்னொருத்தி தனியாக வந்தாள். உடம்பெல்லாம் சேறு. கால்கள் தள்ளாடின.

"நில்லு! யாரு நீ?"

பதில் இல்லை.

"சொல்லைச் சொல்லு. இல்லேன்னா கடிச்சிடுவேன்."

அவள் நிற்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி இன்னும் வேகமாக நெருங்கினாள். மூக்காயி மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு பாய்ந்து கழுத்தைக் கவ்வினாள்.

விழுந்தவளின் உணர்கொம்பு மூக்காயியின் முகத்தில் பட்டது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அவளுடைய தங்கை இருளாயி! முந்தின நாள் இரை தேடப் போனவள். பதறிப்போய்ச் சேற்றைத் துடைத்தாள் மூக்காயி. சேற்றுக்கடியில் இருளாயிக்கு வாயே இல்லை. பகைவர்கள் அவளைப் பிடித்து வதைத்துச் சொல்லைக் கறந்துகொண்டு, எச்சரிக்க முடியாதபடி வாயைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். அப்படியும் எச்சரிக்கத்தான் ஓடி வந்திருக்கிறாள்.

அதற்குள் முட்டை அறையிலிருந்து அலறல் எழுந்தது.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய் எறும்பு செத்துக் கிடந்தாள். உள்ளே நுழைந்தவர்களிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மேட்டுக்காரர்களில் எஞ்சிய சிலர் மிச்சமிருந்த முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் புறப்பட்டார்கள்.

"வா மூக்காயி, போயிடலாம்" என்றாள் ஒருத்தி.

மூக்காயி நகரவில்லை. உயிர் போன தங்கையின் பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"சாமி, உன் பேரைத்தானே கேட்டேன்? கொல்ல வந்தவங்க சரியாச் சொன்னாங்க. என் தங்கச்சிக்குச் சொல்ல வாயில்ல. நீ ஏன் ஒரு சத்தம் குடுக்கல?"

நெடுநேரம் காத்திருந்தாள். எந்தப் பதிலும் வரவில்லை. கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கிட்டப் போயிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நான்தான் தள்ளி நின்னுட்டேன்."

அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இருளாயியைச் சுமந்துகொண்டு கூட்டத்தின் பின்னால் நடந்தாள். எதிரே யார் வந்தாலும் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. அருகில் போய் உணர்கொம்பால் முகத்தைத் தடவிப் பார்த்தாள். முதலில் எல்லாரும் மிரண்டு விலகினார்கள். அவள் தூக்கிக்கொண்டு வருவது யாரை என்று தெரிந்த பிறகு விலகவில்லை. ஒவ்வொருவராக அவர்களும் பேச்சை விட்டார்கள்.

அன்று முதல்தான் எறும்புகளிடம் பேச்சு இல்லாமல் போயிற்று. எத்தனை அவசரமாக இருந்தாலும், சுமையே இருந்தாலும், எதிரில் வரும் ஒவ்வோர் எறும்பிடமும் நின்று, முகத்தோடு முகம் தொட்டுப் பார்த்த பிறகே அவை விலகிப் போகின்றன.