பல்லிக்கு அந்தச் சத்தம் வந்த விதம்

அந்தக் காலத்தில் சுவரில் ஊர்வதும் வேலியில் உட்கார்வதும் மனுசரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தன. காக்கை வாசலில் வந்து, "இன்னைக்கு என்னா குழம்பு?" என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும். அத்தனையிலும் பெரிய வாயாடி பல்லிதான். இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்போது அது வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வேண்டும்.

"முதலை இருக்கே, அது எனக்குச் சொந்தத் தாய்மாமன்" என்று ஆரம்பிக்கும். "ஒரு தடவை வாலைச் சுழட்டினேன் பாரு, பனைமரமே சாஞ்சிருச்சு" என்று முடிக்கும். கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். பல்லிக்கு அப்போது வீடு கிடையாது. பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும்தான் இருப்பு.

ஏரிக்கரை ஓரத்து வீடொன்றில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். வயசு கொஞ்சம்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வெட்கம். கிணற்றடியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவாள். புருசன் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்காக மேற்கே போயிருந்தான். மழை பிடித்தால்தான் திரும்புவான். வீட்டில் அவளும் மகள் காத்தாயியும்தான்.

காத்தாயிக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போய்விட்டது. ஆனால் போகும்போது பிள்ளையின் பசியையும் பேச்சையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். அம்மா என்று கூப்பிடுவதும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். கன்னம் ஒட்டி, கை கொடிபோல ஆகிவிட்டது.

பச்சிலை கொடுத்த வைத்தியச்சி வந்து பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நோவு எறங்கிருச்சு. இனிமே என்கிட்ட மருந்து இல்ல. வயித்துல கஞ்சி எறங்குனா புள்ள உனக்கு. எறங்கலன்னா..." என்றவள், மேலே சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

அஞ்சலைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. கதை கேட்கிற பிள்ளை தன்னை மறந்து வாயைத் திறக்கும். திறந்த வாயில் ஒரு வாய் ஊட்டிவிடலாம். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் செய்கிறதுதான். அவளும் கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு ஊருல ஒரு ராசாவாம். யானையெல்லாம் சேந்து தள்ளுனாலும் அசைய மாட்டானாம். அவனுக்குப் பயமே கெடையாதாம். பசி கெடையாது, தூக்கம் கெடையாது. எதிரி வந்தா ஒரே வெட்டு!"

காத்தாயி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை ஏன் ராசாவைப் பிடித்தாள் என்றால், கதை என்றால் பெரிய ஆட்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னைப் போல ஒருத்தியைப் பற்றி யார் கதை சொல்லுவார்கள்?

"அக்கா, உங்க ராசாவுக்கு மூச்சு இருக்கா, போயிருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

கதவு இடுக்கில் ஒரு பல்லி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வயிறு புடைத்திருந்தது.

"நீ ஏண்டி இங்க வந்த?"

"வயித்துல முட்டை இருக்குக்கா. மழைக்காத்து அடிக்குது. பாறை இடுக்குல வச்சேன்னா தண்ணி அடிச்சிட்டுப் போயிரும். உங்க வெளக்கு மாடத்துக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, கதகதன்னு. அதக் குடுங்க. பதிலுக்கு உங்க புள்ளைய நான் சாப்புட வைக்கிறேன். எனக்குத் தெரியாத கதையா?"

அஞ்சலைக்கு வேறு வழி இருந்தால்தானே? சரி என்றாள். பல்லி சுவரில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு, முதலை மாமனில் ஆரம்பித்துப் பனைமரத்தில் வந்து முடித்தது. காத்தாயி மெல்ல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஓகோ" என்றது பல்லி. அதற்குக் கொஞ்சம் மானம் போய்விட்டது. "வாயால சொன்னா இந்தப் புள்ளைக்கு ஏறாதுக்கா. கண்ணுக்குக் காட்டணும். சுவத்துல படமா எழுதுங்க."

அஞ்சலை சுண்ணாம்பும் செம்மண்ணும் அடுப்புக்கரியும் குழைத்துச் சுவரில் ராசாவை எழுதினாள். மார்பு அகலம், கிரீடம், காதுவரைக்கும் மீசை. பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது.

"தொட்டுப் பாத்தா வரும்" என்றது பல்லி. அஞ்சலை ஏரியிலிருந்து களிமண் எடுத்து வந்து ராசாவைப் பொம்மையாகப் பிடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். விரல் மூடவில்லை. பொம்மை பாயில் உருண்டது.

"ஆடாம அசையாம இருந்தா எப்படிப் பிடிக்கும்?" என்றது பல்லி. விளக்கு வைத்ததும் பனையோலையை ராசாவாக வெட்டி, வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து ஆட்டினாள். நிழல் சுவர் முழுக்கக் கத்தியைச் சுழற்றியது. காத்தாயி பார்த்தாள். சுவரில் ஈரம் பரவுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பட்டம்மா அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். சுவரைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

"யாருடி இது? உலக்கைக்கு மீசை வச்சு நிக்க வச்சிருக்க!"

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பட்டம்மா மனசில் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. நெருப்பை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனாள். ஆனால் சுவரிலிருந்த பல்லி சும்மா இருந்திருக்கலாம்.

"நானும் அப்பவே நெனச்சேன்க்கா. உலக்கைதான். எங்க முதலை மாமனைக் கேட்டா..."

அஞ்சலைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பிள்ளை ஒரு வாய் குடிக்கவில்லை. கிண்ணத்துக் கஞ்சி ஆடை கட்டிக் கிடக்கிறது. மேற்கே போனவன் எந்த ஊரில் இருக்கிறானோ.

"வெளிய போடி! நீயும் உன் மாமனும் உன் முட்டையும்!" என்று துடைப்பத்தை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள்.

அடி பல்லி மேல் படவில்லை. ஆனால் பயந்த பயத்தில் பல்லி தன்னை அறியாமல் வாலை விட்டுவிட்டு மாடத்துக்குள் பாய்ந்தது. வால் கீழே விழுந்தது. அஞ்சலையின் காலுக்கும் பிள்ளையின் பாய்க்கும் நடுவில் கிடந்து துடித்தது. சுருண்டது, நிமிர்ந்தது, பக்கத்துக்குப் பக்கம் புரண்டது. அதற்குமுன் எந்தப் பல்லிக்கும் அப்படி நடந்ததில்லை. அஞ்சலையின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

பாயில் சருகு அசைகிற மாதிரி ஒரு அசைவு. காத்தாயி ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழுந்தாள். குனிந்து வாலைப் பார்த்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "ச்சு" என்றாள். "ச்சு ச்சு ச்சு." பிறகு ஒற்றை விரலால் அதன் பக்கத்தில் தரையைத் தட்டினாள், தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி.

"அம்மா. அதுக்கு வலிக்குதும்மா."

எத்தனையோ நாள் கழித்து வந்த பேச்சு. அஞ்சலை மூச்சுவிடக்கூடப் பயந்தாள். தலை இல்லை, கண் இல்லை, மீசை இல்லை. வெறும் வால். அதைப் பார்த்துப் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

"இது யாரும்மா?"

அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தாள். ராசா எங்கே போனானோ, வாயில் வரவே இல்லை. வந்ததைச் சொன்னாள்.

"இவன் பேரு துண்டன். துக்கிளியூண்டு இருப்பான்."

"ஏன் ஆடுறான்?"

"பயந்துட்டான். துடைப்பம்னா அவனுக்குப் பயம். சத்தம் போட்டாலும் பயம். நாலு பேரு இருந்தா பேசமாட்டான், வெக்கம். பசிக்கும், ஆனா கேக்கத் தெரியாது."

"அவங்க அப்பா எங்க?"

"ஆடு மேய்க்கப் போயிருக்காரு. மேக்கால."

"எப்ப வருவாரு?"

"மழை பிடிச்சா வருவாரு. அதுவரைக்கும் இவன் கதவையே பாத்துக்கிட்டு இருப்பான். கதவு அசைஞ்சா, அப்பான்னு நெனப்பான். காத்தா இருக்கும்."

காத்தாயி கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாலைப் பார்த்தாள்.

"அவன் கஞ்சி குடிப்பானா?"

"குடிக்கமாட்டான். உப்பு இல்லன்னு கோவம்."

நோவு இருக்கும்போது உப்புப் போடாதே என்று வைத்தியச்சி சொல்லியிருந்தாள். நோவு இறங்கின பிறகும் அஞ்சலை அந்தப் பயத்திலேயே போடாமல் இருந்தாள். அது அவளுக்கே இப்போது சொல்லும்போதுதான் உறைத்தது.

"போட்டுக் குடும்மா" என்றாள் காத்தாயி. "அவனுக்கும் போடு. எனக்கும் போடு."

அஞ்சலை எழுந்து ஓடினாள். உப்பை விரலால் கரைத்துக் கொண்டுவந்தாள். முதல் சொட்டை வாலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னாள் காத்தாயி. வைத்த பிறகுதான் தன் வாயைத் திறந்தாள். ஒரு வாய். தொண்டை அசைந்தது. இன்னொரு வாய். வால் துடிப்பு அடங்கி மெல்ல நின்றது.

"தூங்கிட்டானாம்மா?"

"பசி ஆறிருச்சுல்ல, கண்ணு."

சாயங்காலம் அஞ்சலை சுவரில் ராசாவின் கால் பக்கத்தில் சின்னதாக ஒரு உருவம் எழுதினாள். எழுத எழுதக் கோணிக்கொண்டது. இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நிற்கிறது. பாயிலிருந்தே, "துண்டன்!" என்று கத்தினாள் காத்தாயி. களிமண் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அஞ்சலை அதில் அவனைப் பிடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். "துண்டன்" என்று விரல்கள் மூடிக்கொண்டன. விளக்குக்கு முன்னால் ஒரே ஒரு விரலை மடக்கி, கொஞ்சம் நடுங்க வைத்தாள். "பயப்படாத துண்டா, துடைப்பத்த வெளிய வச்சாச்சு" என்றது பிள்ளை நிழலைப் பார்த்து. எழுதினது வேறு, பிடித்தது வேறு, நிழல் வேறு. ஒன்றுக்கு இருந்த முகம் மற்றதற்கு இல்லை. ஆனாலும் எல்லாம் அவன்தான். ராசா மட்டும் சுவரில் யாரோ மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

மறுபடி நெருப்பு வாங்க வந்த பட்டம்மாவின் கண்ணில் அந்தக் களிமண் உருவம் பட்டது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"அடப்பாவமே, இந்தச் சின்னப் பயலை யாருடி அடிச்சது?" என்றவள், தன்னை அறியாமல் "ச்சு ச்சு" என்று உச்சுக் கொட்டினாள்.

மாடத்திலிருந்து பல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அது எவ்வளவோ பேசியிருக்கிறது. ஒருத்தராவது அதன் கதைக்கு அந்தச் சத்தம் கொடுத்ததில்லை. அஞ்சலை விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு, "முட்டைய இங்கயே வையி. நான் போன்னு சொன்னத மனசுல வச்சுக்காத" என்றாள். பல்லி வழக்கம்போல, "எங்க முதலை மாமன்..." என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. வால் போன இடம் வலித்தது. வாய்க்கு வந்தது, "ச்சு ச்சு ச்சு."

பல்லிக்கே ஆச்சரியம். மறுபடி சொல்லிப் பார்த்தது. நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அது வேறு எதுவும் பேசவே இல்லை.

மழை பிடித்தது. மாடத்துச் சந்தில் முட்டை பொரிந்து, நூல் மாதிரிக் குஞ்சுகள் சுவரில் ஓடின. ஒரு சாயங்காலம் கதவு அசைந்தது. இந்தத் தடவை காற்று இல்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆட்டு வாடையோடு, அவனேதான். காத்தாயி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, துண்டனோட அப்பாவும் வந்துட்டாரா?"

"யாரும்மா துண்டன்?"

அதற்குள் பட்டம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "நீயே சொல்லுடி அஞ்சல" என்றார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால், அதுவும் புருசன் முன்னால். கொஞ்சம் பெரிதாகச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று தோன்றியது.

"துண்டன்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்குப் பயமே..."

நிறுத்தினாள். சுவரில் சத்தமே இல்லை. பல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. காத்தாயியும்.

"பயம்" என்றாள் அஞ்சலை, மெதுவாக. "ரொம்பப் பயம். ராத்திரியெல்லாம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தான். இனிமே வரவே மாட்டாங்களோன்னு நெனச்சான். யாருகிட்டயும் சொல்லல."

அவள் புருசன் தலையிலிருந்த சாக்கை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"ச்சு ச்சு ச்சு" என்றது பல்லி.

காத்தாயி உடனே குனிந்து, அன்றைக்கு வாலை எழுப்பின மாதிரி ஒற்றை விரலால் தரையைத் தட்டினாள். பட்டம்மா தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று முதல்தான் பல்லி மனுசர் வீட்டுச் சுவரில், விளக்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. பயந்தால் வாலை விடுகிறது. விட்ட வால், பார்க்கிறவர் மனசு இளகுகிறவரைக்கும் துடித்துவிட்டுத்தான் அடங்குகிறது. நாம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து அது உச்சுக் கொட்டினால், "பாரு, பல்லியே சொல்லிருச்சு" என்று விரலால் தரையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசுகிறோம்.