மையழகியின் பீப்பாய் பொங்கிய கதை

குழந்தைகளே, தினையும் தேனும் குறைவில்லாமல் கிடைக்கும் மலைக்காடு ஒன்றில் மையழகி என்றொரு கரடி வாழ்ந்துவந்தாள். தினையை முளைகட்டி, இடித்து, தேன் கலந்து புளிக்கவைத்து ஒரு பானம் செய்வாள். அதற்குத் தேறல் என்று பெயர். வேங்கை மரத்தைக் குடைந்து செய்த பீப்பாயில் அதை ஊற்றி, மேல்வாயைத் தேன்மெழுகால் அடைத்துக் குகைக்குள் வைத்திருப்பாள். பீப்பாயின் அடியில் ஒரு மூங்கில் குழாய் இருக்கும். அதன் அடைப்புக் கட்டையை உருவினால் தேறல் பொன்னிறமாக இறங்கும்.

"என் கைப்பக்குவம் தப்பாது" என்பாள் மையழகி. அதுவரை தப்பியதும் இல்லை.

கோடை வந்தால் அந்தக் காட்டு ஆறு வற்றிப்போகும். அப்போது பெரியநாயகி என்ற யானை தன் கூட்டத்தோடு வந்து, ஆற்றுமணலைத் தோண்டி எல்லோருக்கும் ஊற்று எடுத்துக் கொடுப்பாள். அதற்குக் காடு செய்யும் மரியாதை, ஆளுக்கொரு பெரிய குவளை தேறல். மரியாதையில் குறை கண்டால் பெரியநாயகி சண்டை போடமாட்டாள். பேசாமல் அடுத்த மலைக்கு நடந்துவிடுவாள்.

யானைகள் வரவேண்டிய நாளன்று காலையில் சிங்காரம் என்ற நரி வந்தான். வாயாலேயே பிழைப்பவன் அவன்.

"அக்கா, இந்த இருட்டுக் குகையிலா விருந்து வைக்கப்போகிறாய்? பீப்பாயைப் பாறைமேல் கொண்டுபோய் வை. தூரத்தில் வரும்போதே யானைகள் கண்ணில் படட்டும்" என்றான்.

மையழகிக்கும் அது சரியென்று பட்டது. பீப்பாயைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு போய் வெட்டவெளிப் பாறைமேல் நிறுத்தினாள்.

உச்சிவெயில் சற்றுச் சாய்ந்ததும் ருசி பார்க்கலாம் என்று கட்டையை உருவினாள். புஸ்ஸென்று ஒரே நுரை! குவளை நிறைந்து, வழிந்து, அவள் கால்கள் நனைந்தன. நுரை அடங்கியபின் பார்த்தால் அடியில் ஒரு மடக்குத் தேறல்தான் இருந்தது.

மையழகி குழாயைப் பாதி பொத்திப் பார்த்தாள். நுரை இன்னும் வேகமாகச் சீறியது. எரிச்சலில் பீப்பாயைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். இப்போது அவள் முகமெல்லாம் நுரை. அவசரமாகக் கட்டையைத் திரும்பச் செருகினாள்.

"ஐயோ அக்கா!" என்று நரி தலையில் கைவைத்தான். "தேறல் கெட்டுவிட்டது. இதைக் குடித்தால் யானைகளுக்கு வயிறு ஊதிவிடும். பழி உன்மேல்தான் விழும். பீப்பாயை என்னிடம் விட்டுவிடு. நானே பள்ளத்தில் கொட்டிவிடுகிறேன். உனக்கு மனம் வராது."

மையழகி கீழே ஆற்றைப் பார்த்தாள். ஒரு மான் காய்ந்த கூழாங்கல்லை நக்கிக்கொண்டிருந்தது. யானைகள் திரும்பிப் போய்விட்டால் அதற்குத் தண்ணீர் ஏது?

ஆனாலும் அவள் பீப்பாயைக் கொடுக்கவில்லை. குவளையின் அடியில் கிடந்த ஒரு மடக்கை எடுத்து வாயில் விட்டு, நாக்கில் நிறுத்தி, மெல்ல விழுங்கினாள்.

"ருசி அப்படியே இருக்கிறது" என்றாள். "நேற்று குகையில் இதே தேறலை ஊற்றினேன். விரற்கடை நுரைதான் நின்றது. பானம் மாறவில்லை, சிங்காரம். வேறு என்ன மாறியது?"

"அதையெல்லாம் யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது, அக்கா?"

மையழகி பீப்பாயின்மேல் கையை வைத்தாள். அடுப்பில் வைத்த சட்டிபோல் சுட்டது.

"இது கெடவில்லை. சூடேறிப்போயிருக்கிறது. உருட்டியதிலும் குலுக்கியதிலும் உள்ளே இருக்கும் காற்று மிரண்டு கிடக்கிறது. நீ அந்தப் பக்கம் பிடி!"

"நானா?"

"நீதான். உருட்டக்கூடாது. அலுங்காமல் தூக்கவேண்டும்."

நரிக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. இருவரும் பீப்பாயைக் குகைக்குள், பாறைநீர் கசியும் மூலையில் இறக்கினார்கள். மையழகி ஈரப்பாசியை அள்ளி அதன்மேல் கனமாகப் போர்த்தினாள். மெழுகில் நகத்தால் சிறு துளை போட்டாள். உஸ்ஸென்று காற்று இறங்கியது. சத்தம் ஓய்ந்ததும் துளையை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான் நரி.

"குளிரும்வரை."

சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில் யானைகள் வந்து குகை வாசலில் நின்றன. பெரியநாயகி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மையழகி குவளையைச் சாய்த்துப் பிடித்தாள். கட்டையைத் தயங்காமல் முழுதாக உருவினாள். தேறல் குவளையின் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நிறைய நிறைய குவளையை நிமிர்த்தினாள். மேலே விரற்கடை நுரை, கீழே பொன்னிறத் தேறல்.

"குடியுங்கள், அம்மா" என்றாள்.

பெரியநாயகி குடித்தாள். காதுகளை மெல்ல ஆட்டினாள். "போன வருஷத்தைவிட நன்றாக இருக்கிறதே!" என்றாள்.

கூட்டம் முழுவதும் குடித்து முடித்ததும் நரியும் ஒரு குவளையை நீட்டினான்.

"வேண்டாம், தம்பி. உனக்கு வயிறு ஊதிவிடும்" என்றாள் மையழகி. எல்லோரும் சிரித்தார்கள். நரி காலிக் குவளையை வைத்துவிட்டுப் புதருக்குள் நழுவினான்.

யானைகள் ஆற்றில் இறங்கின. மணல் வாரி வாரி வெளியே வந்தது. முதலில் ஈரம் தெரிந்தது, பிறகு கலங்கல், அதன்பின் தெளிந்த தண்ணீர். மான்தான் முதலில் வாய் வைத்தது.

நீதி: ஒன்று பழுதாகத் தோன்றினால் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதே, என்ன மாறியது என்று தேடிப் பார்.