சன்னாசியின் வாயில் இருந்த அரிசி

கேட்டு முடித்தவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கதை இது. ஆகவே நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன். சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடும் இடங்களில், பெரும்பாலோர் ஒப்புவதையே கொண்டிருக்கிறேன்.

மலாயாவில் கொடி மாறி ஓராண்டு ஆகியிருந்தது. ஆண்ட வெள்ளையர்கள் போய்விட்டார்கள், ஆனால் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் புதிய அரசு கேட்டுக்கொண்டபடி, கடல் கடந்த நாடுகளின் படைகள் தங்கியிருந்தன. பேராக் பகுதியின் ரப்பர் தோட்டம் ஒன்று அப்படியொரு படையின் காவலில் இருந்தது. காட்டுக்கு உணவு போகாதிருக்க அங்கே ஒரு விதி: எந்த வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. பொதுச் சமையற்கட்டில் சோறாக்கி வேளைக்கு வேளை கொடுப்பார்கள். சோறு மறுநாள் புளித்துவிடும். அரிசியோ மாதக்கணக்கில் கெடாது. காட்டுக்கு அரிசி கொடுத்தவனுக்கு நீண்ட சிறை. காட்டிலிருப்பவனின் குடும்பம் இன்னதென்று தெரிந்தால், தடுப்பு முகாம். பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

ஒரு காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் களத்தில், காட்டில் சுடப்பட்ட ஒருவனின் பிணத்தைப் படையினர் லாரியிலிருந்து இறக்கினார்கள். வேலை முடிந்து வருவோர் ஒவ்வொருவராகக் குனிந்து முகத்தைப் பார்த்து, தெரியும் அல்லது தெரியாது என்று சொல்லிப் போக வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காத்தாயிக்கு முகம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இறக்குமுன் லாரியின் ஓரத்தில் நீட்டியிருந்த காலைக் கண்டபோதே அது தன் மகன் சன்னாசி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்திலிருந்து காட்டுக்குள் போனவன். இந்தத் தோட்டத்தில் அவளும் பதினாறு வயது மகள் பவளமும் மட்டுமே இருந்தார்கள். மகன் ஒருவன் இருப்பதாக இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நடுப்பகலில் அவள் சமையற்கட்டின் பின்வாசலுக்குப் போனாள். சமையற்காரன் வைரக்கண்ணுவிடம் உள்ளதைச் சொன்னாள். வாய்க்கரிசி போடாமல் மகனை அனுப்ப முடியாது. அதற்குச் சோறு ஆகாது, அரிசிதான் வேண்டும். வைரக்கண்ணு அகப்பையைக் கீழே வைத்தான்.

"எங்கண்ணன சுட்டதும் இவன் கூட்டந்தான். தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன் தம்பி. உன்னைய விட்டா அரிசி யாருகிட்ட இருக்கு?"

அவன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு, இரண்டு விரலுக்கு அடங்கிய அரிசியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "எங்கண்ணனுக்கு வாய்க்கரிசி போட எனக்காவது குடுத்து வச்சிருந்துச்சு. போ."

வரிசை நகர்ந்தது. காத்தாயி குனிந்தாள், ஈ ஓட்டுபவள் போல முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த மறைவில் அரிசி உதடுகளுக்கிடையே விழுந்தது. நிமிர்ந்து, "தெரியாதுங்க" என்றாள்.

மாலையில் பிணத்தைப் படம் எடுக்க வந்த போலீசார் அந்த அரிசியைக் கண்டார்கள். படைத் தலைவர் அந்நிய நாட்டவர். செத்தவன் வாயில் அரிசி இருந்தால், சாகும்போது அவன் தின்றுகொண்டிருந்தான் என்றே அவர் கொண்டார். இந்தத் தோட்டம் காட்டுக்கு அரிசி கொடுக்கிறது! அவருக்கு மொழிபெயர்ப்பவர் தோட்டத்துக் கணக்கர், யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி மகாலிங்கம். பார்த்த கணத்திலேயே அது வாய்க்கரிசி என்று அவருக்குத் தெரியும். சொன்னால் செத்தவனின் குடும்பத்தைத் தேடுவார்கள் என்று அதைச் சொல்லாமல் விட்டார்.

கொடுத்தவன் வெளிவரும்வரை சமையற்கட்டு பூட்டப்பட்டது. இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. குழந்தைகள் மரவள்ளி இலையை அவித்துத் தின்று வயிறு நொந்தன. மூன்றாம் நாள் எல்லோரையும் களத்தில் நிறுத்தினார்கள். வைரக்கண்ணு முன்னே வந்து, கொடுத்தது தானே என்றான். யாரிடம் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தான். அவன் கையைக் கட்டினார்கள்.

அப்போது காத்தாயி மகளைப் பார்த்தாள். தாயின் கையை இறுகப் பிடித்திருந்த பவளம், பிடியை விட்டாள். காத்தாயி வரிசையை விட்டு வந்து கிராணியின் எதிரே நின்றாள்.

"அது எம் மவன் சன்னாசிங்க. அரிசி நாந்தான் போட்டேன். அது தின்ன அரிசி இல்ல, வாய்க்கரிசி. தொரைகிட்ட சொல்லுங்க ஐயா."

மகாலிங்கம் படைத் தலைவர் பக்கம் திரும்பி, சிறையிலிருந்து வரும்வரை சமையற்காரனின் உடைமைகளைத் தான் பார்த்துக்கொள்ளலாமா என்று இந்தப் பெண் கேட்கிறாள் என்றார். தலைவர் தலையசைத்தார். லாரி புறப்பட்டது.

"சொன்னீங்களா ஐயா?"

"சொல்லிப்போட்டன். நீ வீட்ட போ."

வைரக்கண்ணுவுக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது. காத்தாயியும் பவளமும் தோட்டத்திலேயே இருந்தார்கள். அண்ணனைக் கொன்ற கூட்டத்தானுக்காக வாய்மூடிச் சிறை போனான் ஒருவன். மகளோடு கப்பலேறத் துணிந்து வாய்திறந்தாள் ஒருத்தி. இருவரைக் காப்பாற்ற ஒருவனைப் போகவிட்டுப் பொய் சொன்னார் மற்றொருவர். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: கேட்டவர்களில் பலர் மகாலிங்கத்தைச் சொல்வார்கள், ஒரு பெண்ணின் வாழ்வு தப்பியதே என்பார்கள். ஆனால் பவளம் தானாகவே கையை விட்டாள்; அவளைக் கேட்காமல் அவளைக் காப்பாற்றியதில் இரக்கம் உண்டு, நியாயம் இல்லை. அவர் எடுத்துக் கொடுத்தது தம்முடையதன்று, இன்னொருவனின் ஏழாண்டு. வைரக்கண்ணு தன்னுடையதைக் கொடுத்தான், அது பெருந்தன்மை. எனினும் அவன் பழியை ஏற்றதால் அடுப்பு மூட்டப்பட்டதே தவிர, அரிசி கடத்தும் தோட்டம் என்ற பொய் அப்படியே நின்றது. உண்மையை அதன் விலையோடு சொன்னவள் காத்தாயி ஒருத்தியே. அவள் செய்ததே சரி. ஆயினும் அதனால் ஆனது ஒன்றுமில்லை. போலீசார் புதைத்த இடத்தில் 'அடையாளம் தெரியாதவன்' என்ற பலகைதான் நின்றது. தான் சொன்னதைத் துரை கேட்டார் என்ற நம்பிக்கையில், அதை யாராவது மாற்றி எழுதுவார்கள் என்று அவள் மழைக்காலந்தோறும் போய்ப் பார்த்துவந்தாள்.