மூன்றாவது அலை

மூளை அலையைப் பார்த்தே மனசு எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று சொல்லிவிடுவாராம் பேராசிரியர் ஞானவரோதயன். பார்த்தால் முதல் அலை, புரிந்தால் இரண்டாவது, முடிவெடுத்தால் மூன்றாவது.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, ஆய்வுக்கூடம் துடைக்கும் செல்லக்கிளியை உட்காரவைத்து, தலையில் பசை தடவி ஒயர்த் தொப்பியை மாட்டினார். "மூணாவது அலை வரலேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பார்க்குது, ஆனா ஒண்ணும் புரியல. முடிவெடுக்கவே துப்பில்லாத மூளை! நாளையிலேர்ந்து வராதே."

செல்லக்கிளி மடியில் கிடந்த ஒயர் நுனியைத் தூக்கிக் காட்டினாள். "இத இன்னும் மெஷின்ல சொருகவே இல்லீங்களே சார். திரையில ஓடுறது நேத்து ஒத்திகைக்கு உங்க தலையில எடுத்தது. நான்தானே பசையக் கழுவிவிட்டேன்? இப்பச் சொல்லுங்க, நாளையிலேர்ந்து யாரு வரக்கூடாது?"